வீரன் வராத கை

முந்நூற்றுநாலில் முதலில் நாலு சீட்டுத்தான் கைக்கு வரும். அந்த நாலை வைத்துக்கொண்டே கேட்க வேண்டும். மற்ற நாலும் கேள்வி முடிந்த பிறகுதான் பிரிபடும். நல்ல கை வந்தவனுக்கு யோசனை தேவையில்லை. ஒன்றுமே வராதவனுக்கும் தேவையில்லை. இரண்டுங்கெட்டான் கைதான் ஆளைப் படுத்தும். சோனகத் தெருவில் வாப்பாவின் தையல் கடை வாங்கில் இருந்து சிறுவயதில் நான் பார்த்துப் பழகியது பெரும்பாலும் அந்தக் கையைத்தான்.

இந்த விளையாட்டை அறியாத தமிழ்நாட்டு வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன், ஊரவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். சீட்டுக்கட்டிலிருந்து ஆறும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எடுத்துவிட்டால் 32 சீட்டு மிஞ்சும். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ராசாவும் ராணியும் இங்கே சின்ன ஆட்கள். எல்லாருக்கும் மேலே நிற்பவன் வீரன், அவனுக்கு 30. அடுத்தது ஒன்பது, அதற்கு 20. ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டும் ஏழும் வெறும் சீட்டு. ஒரு வகைக்கு 76 வீதம் நாலு வகைக்கும் கூட்டினால் 304 வரும், பெயரும் அதுதான். குறைந்த கேள்வி 160, அதாவது பாதியை விடக் கொஞ்சம் கூட. கேட்டவர் தன் துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடுவார். ஸ்கோப்பன், கலாவரை என்று நாம் சொல்லும் பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுப் போனவை. அவர்கள் கோட்டையை ஆங்கிலேயரிடம் கொடுத்தது 1795இல். கோட்டை கைமாறிக் கைமாறிச் சிதைந்தது, கலாவரை மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டுங்கெட்டான் கை எப்படி இருக்கும்? ஸ்கோப்பனில் ஒன்பதும் ஆசும் வந்திருக்கிறது, கூடவே வேறு வகையில் ஒரு பத்து, ஒரு ஏழு. பார்க்க அழகான கை. ஆனால் ஸ்கோப்பன் வீரன் நம்மிடம் இல்லை. அவன் எங்கே இருப்பான்? நாம் காணாத சீட்டு 28. அதில் நாலு பிறகு நமக்கே வரும், எட்டு கூட்டாளிக்கு, பதினாறு எதிராளிகள் இருவருக்கும். ஆகவே வீரன் நம்மிடம் வர ஏழில் ஒரு பங்கு, கூட்டாளியிடம் போக ஏழில் இரண்டு பங்கு, எதிர்ப்பக்கம் போக ஏழில் நாலு பங்கு. கேட்கலாம் என்று மனம் சொல்லும் கை, பாதிக்கு மேலே தடவைகளில் வீரன் எதிரியிடம் இருக்கிற கை.

எங்கள் தெருவில் கணக்கு வைத்தது புளியங்கொட்டையால். 160 கேட்டு வென்றால் ஒரு கொட்டை வரும், தோற்றால் இரண்டு போகும். 200க்கு மேல் கேட்டால் வெற்றிக்கு இரண்டு, தோல்விக்கு மூன்று. ஊருக்கு ஊர் இது மாறும். ஆனால் தோல்விக்கு விலை கூட என்பது எங்கும் ஒன்றுதான். அப்படியென்றால் 160 கேட்பவன் மூன்றுக்கு இரண்டு தடவை வென்றால்தான் இருந்த இடத்திலாவது நிற்பான். “பாதிக்குப் பாதி” என்று எண்ணிக் கேட்பவன் மெல்ல மெல்லக் கொட்டையிழப்பான். வாப்பா எழுத்தறிவு அதிகம் இல்லாதவர், இந்தப் பின்னங்களை அவர் போட்டுப் பார்த்ததில்லை. ஆனால் வீரன் இல்லாத கையைச் சீட்டு விரலோடு ஒட்டிக்கொண்டதுபோல வைத்துக்கொண்டு நெடுநேரம் இருப்பார். முதலில் பேச வேண்டியவன் சும்மா ஒதுங்க முடியாது என்பது எங்கள் தெருச் சட்டம்: கேட்க வேண்டும், அல்லது கூட்டாளியிடம் தள்ள வேண்டும். நாலு சீட்டும் கூட்டி பதினைந்துக்குக் குறைந்தால் மட்டும் திரும்பப் பிரிக்கச் சொல்லலாம். கடைசியில் பேசுபவனுக்கு மூன்று பேரின் வாயைப் பார்த்துவிட்டுப் பேசும் வசதி உண்டு. ஒரே நாலு சீட்டுத்தான். இருக்கிற இடத்தைப் பொறுத்து அது கேட்கும் கையாகவும் விடும் கையாகவும் மாறும்.

இதே கேள்வியை வேறொரு மொழியில் கேட்க நேர்ந்தது என் மருமகனால். ராத்தாவின் மகன், இலண்டனில் பிறந்து வளர்ந்தவன். விடுமுறையில் வந்தவன் இரவில் திண்ணையில் இருந்து கைத்தொலைபேசியில் போக்கர் சுற்றுப்போட்டி ஆடிக்கொண்டிருந்தான்.

“மாமா, எட்டுச் சோடி வந்திருக்கு. இதுதான் ஆகக் கஷ்டமான கை.”

“காசுக்கா ஆடுறீங்க மகன்?”

“நுழையிற காசு மட்டும்தான் மாமா. அதுக்கு மேல ஒரு சதமும் போகாது.”

“எல்லாரும் நுழையிற காசைச் சேத்துத்தானே பரிசு குடுக்கிறாங்க?”

அவன் பதில் சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் போகவில்லை. அது சூது என்பது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவன் முன்னே கிடந்த கேள்வி என்னை விடவில்லை. எட்டுச் சோடியில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்டேன்.

அவன் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். பிறகு எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து விழும், அதில் முதல் மூன்றும் ஒன்றாக. கையில் இரண்டு எட்டு இருந்தால் அந்த நிமிடத்தில் பெரும்பாலானவர்களின் கையை விட அது பெரியது. ஆனால் நடுவில் மூன்று விழுந்ததும் அதில் எட்டுக்கு மேற்பட்ட ஒரு சீட்டாவது வருவது நூற்றுக்கு 87 தடவை. மூன்றாவது எட்டு வந்து நம்மைத் தூக்கிவிடுவது அண்ணளவாக எட்டரைக்கு ஒரு தடவை. எதிரியிடம் ராசா, ராணி போல இரண்டு பெரிய தனிச் சீட்டு இருந்தால், கடைசிவரை போய்ப் பார்க்கும்போது நமக்கு 55, அவனுக்கு 45. அவனிடம் நம்மிலும் பெரிய சோடி இருந்தால் நமக்கு நூற்றுக்கு இருபது கூட இல்லை.

காசுமேசையில் தோற்றவன் பொக்கெற்றில் இருந்து இன்னும் எடுத்து வைக்கலாம், சுற்றுப்போட்டியில் வில்லை முடிந்தால் ஆளும் முடிந்தான் என்றான். அதனால் இழக்கிற வில்லையின் பெறுமதி வெல்கிற வில்லையை விடக் கூட. எங்கள் புளியங்கொட்டைக் கணக்கை இவர்கள் வேறு வழியால் போய்க் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பட்டது.

“அப்ப எட்டுச் சோடிய என்ன செய்யணும்?”

“கையப் பாத்துச் சொல்லேலாது மாமா. எனக்குப் பிறகு எத்தனை பேர் பேச இருக்காங்க, என்னட்ட எவ்வளவு மிச்சம் இருக்கு, அதப் பாத்துத்தான்.”

மிச்சம் கொஞ்சமாக இருப்பவன் எட்டுச் சோடி கண்டால் எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டுமாம். காத்திருந்தால் கட்டாயப் பணயமே அவனைத் தின்றுவிடும். நிறைய வைத்திருப்பவன் கொஞ்சம் போட்டு மூன்று சீட்டைப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் எழும்பிவிடலாம். அவனுக்கும் கஷ்டம் இல்லை. நடுத்தரமாக வைத்திருப்பவன் கையில் நடுத்தரச் சோடி வருவதுதான் வேதனை. போட்டால் போட்டதை விட்டு எழும்ப மனம் வராது. போடாவிட்டால் இதைவிட நல்ல கை எப்போது வரும் என்று தெரியாது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் விளையாட்டுகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. கணக்கும் சிந்தனையும் ஆதாரமானவை ஒரு பக்கம், ஊகமும் தற்செயலும் ஆதாரமானவை மறுபக்கம். சதுரங்கம் முதல் வகை, அதை மக்ரூஹ் என்றதோடு பலர் நிறுத்தினார்கள். பகடை இரண்டாவது வகை, அது ஹராம். தமிழ்நாட்டிலும் நீதிமன்றத்தில் இதே கேள்விதான் வந்தது. ரம்மியும் போக்கரும் திறமையா தற்செயலா என்று வாதாடி, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைத் திறமை விளையாட்டு என்று ஏற்று, மாநிலத் தடையின் அந்தப் பகுதியை நீக்கியது. பிறகு 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமை தற்செயல் என்று பாராமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்தது. நமது ஃபிக்ஹில் இந்த இரண்டாவது கேள்வி ஆரம்பத்திலேயே இருக்கிறது: இருபக்கமும் பணயம் வைத்து, ஒருவர் இழப்பதை மற்றவர் எடுத்தால், விளையாட்டு எவ்வளவு மூளையுள்ளதானாலும் அது சூது. தோற்றவர் தேத்தண்ணிக்குக் காசு கொடுப்பது கூட அதில் அடங்கும் என்று எங்கள் தெரு மௌலவி ஒருமுறை கடைவாசலில் நின்று சொன்னார். அன்றிலிருந்து தேத்தண்ணி வாப்பாவின் செலவு. வெறும் புளியங்கொட்டைக்கு ஆடுவதையும் அவர் விரும்பவில்லை, ஆனால் மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழும்புகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

அந்த வாங்கில் நாலாவது ஆள், வாப்பாவின் கூட்டாளி, நல்லூர்ப் பக்கத்துச் சைவ வாத்தியார் ஒருவர். காற்சட்டை தைக்க வந்து சீட்டுக்குத் தங்கியவர். வாப்பாவை “நானா” என்பார், வாப்பா அவரை “மாஸ்டர்” என்பார். கூட்டாளிகள் தம் கையைப் பற்றிக் கண்ணாலும் பேசக்கூடாது. இவர்கள் இருவரும் அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் அதிகமாகவே மதித்தவர்கள், ஆடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். இதை நான் சீட்டாட்டத்தோடு வைத்துப் பேச மாட்டேன். அங்கே யாரும் நமக்குச் சீட்டுப் பிரிக்கவில்லை, நம்மிடம் கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி வந்தது பன்னிரண்டு வருடம் கழித்து.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏ-9 பாதை திறந்தது. ஏப்ரல் 13இல் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் கிளிநொச்சியில் உடன்பாட்டில் ஒப்பமிட்டார்கள், முஸ்லிம்கள் தம் ஊருக்குத் திரும்பலாம் என்று சொல்லப்பட்டது. புத்தளத்தில் எங்கள் முகாமில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை. முதல் நாலு சீட்டு கைக்கு வந்துவிட்டது. ஸ்கோப்பனில் ஒன்பதும் ஆசும். வீரன் எங்கே என்று தெரியாது.

வாப்பா மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தார். கடையில் இருந்து பேசியதால் நாங்கள் சுற்றி நின்றோம். மாஸ்டர் சொன்னது வெளியே கேட்டது.

“வாங்கோ எண்டும் நான் சொல்லமாட்டன், வராதேங்கோ எண்டும் சொல்லமாட்டன் நானா. வந்தியளெண்டால் நான் இஞ்ச இருப்பன்.”

காக்காவுக்குக் கோபம். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு இவ்வளவுதானா சொல்ல இருந்தது என்றார். வாப்பா மட்டும் சிரித்தார். “கூட்டாளி கையக் காட்டக்கூடாதுதானே” என்றார். அந்த ஒற்றைச் சொல்லில் மாஸ்டருடைய பயமும் மரியாதையும் எனக்கு விளங்க இன்னும் சில வருடம் பிடித்தது. ஒருவரை வா என்று அழைத்துவிட்டு அவருக்கு ஏதாவது நடந்தால் அதைத் தாங்கும் சக்தி அந்த நாட்களில் அங்கே யாருக்கு இருந்தது?

வாப்பா இஸ்திகாரா தொழுதார். அறியாமைக் காலத்து அரபிகள் பயணம் போவதா விடுவதா என்பதற்கு அம்பு உருவிப் பார்த்தார்கள். ஒன்றில் ஏவல், ஒன்றில் தடை, மூன்றாவதில் ஒன்றும் இராது, அது வந்தால் திரும்ப உருவ வேண்டும் என்று தஃப்ஸீர்கள் விவரிக்கின்றன. சூரத்துல் மாயிதா சூதையும் அந்த அம்புகளையும் ஒரே ஆயத்தில் சேர்த்து விலக்கியது. அதன் இடத்தில் நமக்குத் தரப்பட்டது இரண்டு ரக்அத்தும் ஒரு துஆவும். இஸ்திகாராவுக்குப் பிறகு கனவு வர வேண்டும் என்று உம்மா மூன்று நாள் வாப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கனவு வரவில்லை. கனவு நிபந்தனை இல்லை, யோசித்து ஒரு பக்கம் காலை வைக்க வேண்டியது மனிதன்தான் என்றார் முகாம் மௌலவி.

கடைசியில் காக்கா போனார். ஒரு தையல் மெஷின், இரண்டு கதவு, கொஞ்சத் தகரம். மச்சியும் பிள்ளைகளும் புத்தளத்தில். கடை மெல்ல எழும்பியது. மாஸ்டர் சொன்னபடி இருந்தார், முதல் காற்சட்டைத் துணியும் அவருடையதுதான். 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை வெடித்து ஏ-9 மூடியபோது காக்கா அந்தப் பக்கம், அவருடைய குடும்பம் இந்தப் பக்கம். சீனியும் மண்ணெண்ணெயும் என்ன விலை விற்றது என்பதை அவர் இன்றும் சொல்வதில்லை. மாதங்கள் கழித்துத் திருகோணமலைக்குப் போன கப்பலில் இடம் கிடைத்து வந்து சேர்ந்தார். மெஷின் மாஸ்டர் வீட்டில் இருந்தது. 2008இல் மாஸ்டர் காலமானார். அவர் மனைவி மெஷினுக்கு ஒரு சேலையைப் போர்த்து வைத்திருந்தார்.

காக்கா 2002இல் போனது சரியா பிழையா என்று புத்தளத்தில் இருந்து பேசியவர்கள் பலர். பாதை மூடிய பிறகு, “நாங்க அப்பவே சொன்னோம்” என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. வீரன் எதிரியிடம் இருந்தது பிறகு தெரிந்ததால் கேட்டவன் பிழையாகக் கேட்டான் என்றாகாது. கேட்ட நேரத்தில் அவனிடம் இருந்த நாலு சீட்டுக்கு அது நியாயமான கேள்வியா என்பதையே பார்க்க வேண்டும். சீட்டு ஆடுபவர்களுக்கு இது தெரியும். அரசியல் பேசுபவர்களுக்கும் உறவினர்களுக்கும் தெரிவதில்லை.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2010இல் கேள்வி திரும்ப வந்தது, இம்முறை எல்லாருக்கும் ஒரே நேரத்தில். அப்போது எங்கள் முகாமில் நான் கண்டது, மருமகன் எட்டுச் சோடி பற்றிச் சொன்னபோது ஞாபகத்துக்கு வந்தது. முதலில் மூட்டை கட்டியவர்கள் அடுத்தவன் காணியில் ஓலைக் கொட்டிலில் இருந்தவர்கள். புத்தளத்தில் இழக்க அவர்களுக்கு எதுவும் இல்லை; இருக்க இருக்கக் கரைவதுதான் நடந்தது. யாழ்ப்பாணத்தில் கூரையற்ற நாலு சுவர் இருந்தாலும் அது தம்முடையது. லொறி வைத்து வியாபாரம் செய்தவர்களும் போனார்கள். அவர்கள் திங்கள் போய் வியாழன் வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்ததை வைத்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் வருடக்கணக்காகத் தவித்தவர்கள். அரைவாசி கட்டிய கல்வீடு, சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் மகள், கடனுக்குக் கொடுத்து வாங்கும் சின்னக் கடை. நாங்கள் அந்த ஆட்கள்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊர்ப்பற்று இல்லை, அவர்கள் திரும்பி வர விரும்பவில்லை என்று எழுதியவர்களும் உண்டு. போகாதவன் துரோகி என்பதுபோல நம்மவர்களே பேசியதும் உண்டு. இரு சாராரும் கையை மட்டும் பார்த்தார்கள். எந்த இடத்தில் இருந்து, எவ்வளவு மிச்சத்தோடு ஒருவன் அந்தக் கையைப் பிடித்திருக்கிறான் என்று பார்க்கவில்லை. இருபது வருடத்தில் புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்குச் சோனகத் தெரு உம்மம்மாவின் கதை. அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடமும் கையில் இருக்கும் ஒரு சீட்டுத்தான்.

மற்ற நாலு சீட்டும் பிறகுதான் வந்தன. யுத்தத்தால் காணிக்கு உரிமைகோர முடியாமல் போனவர்களுக்கு எதிராகப் பத்து வருட ஆட்சியுரிமை வாதம் ஓடாதபடி 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பலருக்கு அது நல்ல சீட்டு, ஆனால் அதற்கு முன்பே அரைவிலைக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது எட்டு, ஏழு போல வெறும் சீட்டு. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிந்திய மாதங்களில் எங்கே இருந்தாலும் முஸ்லிம் முஸ்லிம்தான் என்பதை எல்லாரும் அனுபவித்தோம். மே மாதத்தில் குருநாகல் மாவட்டத்திலும் கம்பஹா மாவட்டத்திலும் கடைகள் எரிந்தன. 2022இல் பெற்றோலும் எரிவாயுவும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. 2010இல் கேள்விக்கு முன்னால் இருந்து யோசித்தவர் யாரும் இவற்றில் ஒன்றையேனும் கண்டிருக்க முடியாது.

மருமகனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அவன் எட்டுச் சோடியைப் போட்டுவிட்டு எழும்பினான், நடுவில் என்ன விழுந்தது என்று நான் கேட்கவும் இல்லை. மறுநாள் அவனுக்கு முந்நூற்றுநாலு சொல்லிக் கொடுத்தோம். காக்கா, நான், பக்கத்து வீட்டுப் பொடியன், அவன். விறுவிறுவென்று பிடித்துக்கொண்டான், வீரன் ராசாவுக்கு மேலே என்பதை மட்டும் அவன் மூளை ஏற்க மறுத்தது.

வாப்பா 2014இல் புத்தளத்தில் மவுத்தானார், அங்கேதான் அடங்கியிருக்கிறார். உம்மா அந்தக் கப்று இருக்கும் ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறார். காக்கா சோனகத் தெருவில் அதே மெஷினோடு இருக்கிறார். நான் மாதத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. யாழ்ப்பாணத்து வீட்டுக்குக் கூரை முடிந்துவிட்டது, நிலத்துக்கு இன்னும் சீமெந்து போடவில்லை. புத்தளத்து வீட்டின் பின்பக்கம் இந்த மாதம் ஓர் அறை இறக்குகிறோம். கொத்தனார் யன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்கிறார்.